சார்ட்டில் இடம் போதவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு சார்ட் அட்டையில் இடம் போதாததிலிருந்து வந்தது.

என் அக்கா சகாயராணி கிராம சுகாதாரச் செவிலியர். கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு மலைப்பக்கமாக ஒதுங்கிய ஓர் ஊரின் துணை சுகாதார நிலையத்தில் வேலை. (ஊர்ப் பெயரை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்துவிட்டேன். பெயரை எழுதுவதில் எனக்கு இப்போது கொஞ்சம் பயம் உண்டு.) நான் உத்தமபாளையத்தில் தமிழாசிரியன். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் எங்கள் சொந்தத்தில் ஞானஸ்நான அழைப்பு முதல் கல்லறைச் சிலுவை வரை எழுத்து வேலையெல்லாம் என்னிடம்தான் வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த அக்கா மஞ்சள் சார்ட் ஒன்றையும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவையும் மேசையில் வைத்தாள்.

"ஏலே தம்பி, ஹை ரிஸ்க் தாய்மார் பேரையெல்லாம் எழுதி என் மேசைக்கு எதுத்தாப்ல மாட்டப் போறேன். ரிஜிஸ்டர்ல மட்டும் இருந்தா வேல மும்முரத்துல மறந்து போகுது. தலைப்ப நல்ல தமிழ்ல எழுதிக் குடு."

"ஹை ரிஸ்க்குன்னா சரியா என்ன அர்த்தம்?"

"மத்தவகளக் காட்டிலும் கூடுதலாக் கவனிக்கணும்னு அர்த்தம். பிரஷர் இருக்கலாம், ரத்தம் கம்மியா இருக்கலாம், ஒசரம் கம்மியா இருக்கலாம். கவனிச்சா ஒண்ணும் ஆகாது."

நான் எழுதத் தொடங்கினேன். 'கூடுதல் கவனிப்புத் தேவைப்படும் தாய்மார்கள்.' சரியான தலைப்பு. ஆனால் 'கூ'வைப் பெரிதாகப் போட்டுவிட்டேன். 'தேவைப்' என்பதோடு அட்டை முடிந்துவிட்டது. அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில், பார்த்துப் பார்த்து, அளந்து, இரண்டே சொல்லில் எழுதினேன்.

ஆபத்தான தாய்மார்கள்.

கச்சிதமாக உட்கார்ந்தது. அக்கா தலையை ஒருச்சாய்த்துப் பார்த்து, "பளிச்சுன்னு இருக்கு" என்றாள். அதன் கீழே நான்கு பெயர்களை அவளே எழுதினாள். முதல் பெயர் மாரீஸ்வரி.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

'மேற்கு மலை முகடுகளில் மேகம் கவிழ்ந்திருந்த ஓர் அதிகாலையில், ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புகள் ஒவ்வொன்றாக'

அக்காவிடம் படித்துக் காட்டினேன். "மலையப் பத்தி எம்புட்டு நேரம் சொல்லுவ? அந்தப் புள்ள எப்ப வருவா?" என்றாள். நிறுத்திவிட்டேன்.

இரண்டாவது வரைவு: 'மாரீஸ்வரி ஒரு பாவப்பட்ட பெண்.'

"யாரு, அவளா? அவ வாயத் தெறந்தா வரிசையில நிக்கிற அம்புட்டுப் பேரும் சிரிச்சுக்கிட்டு நிப்பாக. அவளப் போய் பாவப்பட்டவங்கிற."

ஆகவே மூன்றாவது தொடக்கம் அக்கா சொன்னபடியே இருக்கட்டும். இனிமேல் முடிந்தவரை நான் குறுக்கே வராமல், சகாயராணி கண்டதை, அவள் பட்டதைச் சொல்கிறேன்.

கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நாள் அது. மாரீஸ்வரிக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துத் தங்கிய முதல் கரு. ஆறாம் மாதம். கணவன் பாண்டீஸ்வரன் வாழைத்தார் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வெளியூர்தான். மாமியார் இருளம்மாள் தெருக்குழாயடியில் சத்தம் போட்டுப் பேசினால் இங்கே நிலையத்துக்குள் கேட்கும்.

சகாயராணி பிரஷர் கருவியின் கைப்பட்டையைக் கழற்றாமல் இன்னொரு முறை காற்றடித்துப் பார்த்தாள்.

"ராத்திரி ஒறங்கலியா மாரீஸ்வரி?"

"நல்லாத்தான் ஒறங்குனேன். எதுக்குக்கா?"

"போன தடவைக்கு இன்னும் ஏறிருக்கு பிரஷர். நூத்தம்பதுக்கு நூறு காட்டுது."

"நூறா? பள்ளிக்கூடத்துல ஒரு நா கூட நூறு வாங்குனதில்லயே நானு!"

வரிசையே சிரித்தது. சகாயராணியும் சிரித்துவிட்டாள். பிறகுதான் முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னாள்: வேளை தவறாமல் மாத்திரை போட வேண்டும், வாரம் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும், தலைவலி வந்தாலோ கண் மங்கினாலோ அந்த நிமிடமே ஓடிவர வேண்டும், ஏலத்தோட்டத்துக்குப் போவதை நிறுத்த வேண்டும்.

"தோட்டத்துல எனக்குக் காய் பொறுக்குற வேலதான்க்கா. ஸ்டோர்ல ஒக்காந்த எடத்துல பாக்குறது."

"வேலையச் சொல்லல, வழியச் சொல்றேன். அந்த வளைவுல ஜீப்பு போற போக்குக்கு நல்லா இருக்குறவளே எறங்கி வாந்தி எடுக்குறா."

மாரீஸ்வரி சரியென்று தலையாட்டினாள். அவளுடைய பரிசோதனை அட்டையில் சகாயராணி சிவப்பு மையால் இங்கிலீஷில் ஹை ரிஸ்க் என்று எழுதிக் கொடுத்தாள். எதிர்ச் சுவரில் சார்ட் தொங்கியது. மாரீஸ்வரி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஆபத்தான தாய்மார்கள்ல நாந்தேன் ஃபர்ஸ்ட்டு!" என்றாள். அப்போதும் வரிசை சிரித்தது.

3

[இந்த இடத்தில் ஓர் ஆசிரியனின் குறிப்பு. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம்.

'ஆபத்தான' என்பது குறிப்புப் பெயரெச்சம். பத்தாம் வகுப்புக்கு வருடா வருடம் நடத்துகிறேன். குமுளி மலைப்பாதையில் 'ஆபத்தான வளைவு' என்று பலகை இருந்தால் என்ன செய்வோம்? ஒதுங்கிப் போவோம். ஆபத்தான நாய், ஆபத்தான மரம், ஆபத்தான மின்கம்பம், எல்லாவற்றிலுமிருந்து நாம்தான் தள்ளி நிற்கிறோம். வளைவுக்கு என்ன ஆச்சோ என்று யாரும் வண்டியை நிறுத்திக் கேட்பதில்லை. ஆபத்து அதற்கு அல்ல, அதனால் நமக்கு. 'ஆபத்தான நிலையில் அனுமதி' என்று செய்தித்தாளில் வரும்போது மட்டும் பொருள் திரும்பிக்கொள்கிறது. நான் 'நிலையில்' என்பதை எழுதவில்லை. அதற்கும் இடம் இல்லை.

ஹை ரிஸ்க் என்ற இங்கிலீஷ் சொல்லாவது இன்னது என்று புரியாமல் சும்மா கிடந்திருக்கும். ஓடைப்பட்டியில் திராட்சை போட்டிருப்பவர்கள் அறுப்பு நேரத்து மழையை ஹைரிஸ்க்கு என்பார்கள். ஜீப்காரர்கள் பிரேக் சரியில்லாத வண்டியை. அந்தச் சொல்லைத் தமிழில் கொண்டுவந்து எல்லோருக்கும் புரியவைத்தது நான்.]

4

சார்ட் மாட்டிய இரண்டாம் வாரம், ஜீப் ஓட்டும் கர்ணன் தன் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தான். குழந்தை ஊசிக்கு அழுதுகொண்டிருக்க, அவன் கண் சுவரிலேயே இருந்தது.

மறுநாள் விடிகாலையில் மாரீஸ்வரி ஜீப் நிற்குமிடத்துக்குப் போனாள். நர்ஸ் வேண்டாம் என்று சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் அந்தத் தெருவின் பெண்கள் எல்லோரும் விடிவதற்குள் மலையேறிவிடுவார்கள். பொழுது சாயத்தான் திரும்புவார்கள். ஆளில்லாத தெருவில் பத்து நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முடியாமல்தான் கிளம்பியிருந்தாள். கர்ணன் அவளைக் கையால் மறித்தான்.

"நீ ஏறாத தாயி. ஒம்பேரு போர்டுல இருக்கு."

(கர்ணனை நான் முதலில் கெட்டவனாக எழுதியிருந்தேன். தடித்த மீசை, வெற்றிலைக் கறை, இன்ன பிற. அக்கா அந்தப் பக்கத்தைக் கசக்கிப் போட்டாள். அதற்கு முந்தின வருடம் இன்னொரு பெண்ணுக்கு அவன் ஜீப்பிலேயே வலி எடுத்து, ஏழாவது வளைவில் வண்டியை நிறுத்தி, இறங்கி நின்று அழுதவன் அவன். அவனுக்கு மீசையே கிடையாது.)

அவன் மறித்ததில் தப்பில்லை, அவள் ஏறாமல் இருந்ததே நல்லது. ஆனால் சொல் அங்கே நிற்கவில்லை. ஜீப்பில் போன பன்னிரண்டு பெண்கள் அதை மலைமேல் கொண்டுபோனார்கள். மாலையில் ஊருக்குத் திரும்பி வந்தபோது அது வளர்ந்திருந்தது. இருளம்மாளைக் குழாயடியில் ஒருத்தி கேட்டாள்: "ஒம் மருமக ஆபத்தானவளாமே? எதுக்கும் சுருளித் தீர்த்தத்துல குளிச்சுட்டு வரச் சொல்லு."

அதே தெருவில் இன்னொரு பெண்ணும் மாசமாக இருந்தாள். இருவரும் ஒன்றாகத்தான் பரிசோதனைக்கு வருவார்கள். அந்த வாரம் அவளுடைய அம்மா அவளை வரிசையில் நான்கு பேருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். சகாயராணி அதைப் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வளைகாப்புக்கு இருளம்மாள் ஊரையே அழைத்திருந்தாள். நான்கு வருடம் காத்திருந்த பேரப்பிள்ளை அல்லவா. ஏழு வகைச் சோறு கிண்டியிருந்தாள். வந்தவர்களில் வயதானவர்கள் இருந்தார்கள், கைம்பெண்கள் வாசலோடு நின்று வாழ்த்திப் போனார்கள். வளையல் போட வேண்டிய சின்னப் பெண்கள், புதுசாகக் கல்யாணமானவர்கள், ஒருத்தி கூட வரவில்லை. கண்ணாடி வளையல் தட்டு அப்படியே இருந்தது.

மூன்று மணிக்கு சகாயராணி போனாள். மாரீஸ்வரி பட்டுச்சேலையும் மாலையுமாக மணையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அவள் அழுது

(இல்லை. அழவில்லையாம். எனக்கு அழவைக்க வேண்டும் போலிருந்தது, அதனால் எழுதிவிட்டேன். அந்தச் சொல் அப்படியே கிடக்கட்டும்.)

சகாயராணி இரண்டு கை நிறைய வளையல் போட்டுவிட்டாள். மாரீஸ்வரி மெதுவாகக் கேட்டாள்:

"நர்ஸக்கா, எனக்கு இருக்குறது ஒட்டுவாரொட்டியா?"

"யாரு சொன்னா? பிரஷர் எப்படி ஒட்டும்?"

"பெறகு எதுக்கு எல்லாரும் நான் ஒட்டிருவேன்ங்கிற மாதிரிப் போறாக? எம்பேர அந்தச் செவுத்துல இருந்து எடுத்துருங்கக்கா. மாத்திர போடச் சொல்லுங்க, போடுறேன். ஊசி போடணுமா, போடுங்க. அந்தப் பேர மட்டும் எடுத்துருங்க."

5

எடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் ஒரு வெள்ளைத் தாளை நறுக்கி, முதல் பெயரின் மேல் ஒட்டினாள். ரிஜிஸ்டரில் பெயர் இருந்தது. கம்ப்யூட்டரில் இருந்தது. மாரீஸ்வரியின் அட்டையில் சிவப்பு மை இருந்தது. சுவரில் மட்டும் இல்லை. அதில் மருத்துவத்துக்கு என்ன குறை? ஒன்றுமில்லை என்றுதான் சகாயராணி நினைத்தாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இருளம்மாள் நிலையத்துக்கே வந்து, வெள்ளைத் தாளைக் கண்ணால் பார்த்துவிட்டு, சகாயராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தா, எங்குலத்தக் காப்பாத்திட்ட. சரியாயிருச்சுல்ல?" என்றாள். "பேரத்தான் எடுத்துருக்கேன். மாத்திரைய நிறுத்திராதீக" என்று சகாயராணி சொன்னாள். சொன்னது உண்மை. ஆனால் கிழவி பாதி வாக்கியத்திலேயே திரும்பி நடந்துவிட்டாள். கேட்டதா, கேட்கவில்லையா என்று சகாயராணிக்கு இன்றுவரை தெரியாது.

அந்தத் தெருவில் மகிழ்ச்சி. விலகிப் போன பெண்கள் திரும்பி வந்தார்கள். இன்னொரு கர்ப்பிணியின் அம்மா கொழுக்கட்டை அவித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பெயர் போனதும் நோயும் போய்விட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மாரீஸ்வரியும் அப்படியே எடுத்துக்கொண்டாள் என்பதுதான் சகாயராணிக்குப் பிடிபடவில்லை. வெறும் தாள் என்று தெரிந்த ஒரே பெண் அவள். ஆனாலும் நம்ப விரும்பினாள். மாத்திரை தீர்ந்தபோது புதிது வாங்க வரவில்லை.

இனி வருவதை அக்கா முதல் இரண்டு வரைவின்போதும் எனக்குச் சொல்லவில்லை. மூன்றாவதைப் படித்துக் காட்டியபோதுதான், "நீ ஒண்ண விட்டுட்ட. எங்கிட்ட இருந்துதான் விட்டுப்போச்சு" என்று தொடங்கினாள்.

சகாயராணிக்குத் தேனியில் இரண்டு வாரப் பயிற்சி போட்டிருந்தார்கள். கிளம்புகிற அன்று பஸ் ஏறப் போனபோது எதிரே கர்ணன் ஜீப்பை மெதுவாக்கினான். எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"அக்கா! மாரீஸ்வரி பேர எடுத்துட்டீகளாமே?"

"ஆமாப்பா, எடுத்துட்டேன்!"

கர்ணன் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டான். கண்டக்டர் விசில் கொடுத்தார். சகாயராணி படியில் ஏறி, ஜன்னலோர இடம் கிடைத்ததே என்று உட்கார்ந்தாள்.

அவன் கேட்டது 'ஏற்றலாமா' என்பது. அவள் சொன்னது சார்ட்டைப் பற்றி. பஸ் சின்னமனூர் தாண்டும்போது அவளுக்கு லேசாக உறுத்தியது. கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். கர்ணன் நம்பர் அவளிடம் இல்லை. இறங்கியதும் யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இறங்கியபோது வெயில், கூட்டம், பயிற்சிக்கு நேரமாகிவிட்டது.

6

சகாயராணி கிளம்பிப் போன ஒன்பதாம் நாள், மறுபடி ஜீப்பேறிப் போய்த் தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த மாரீஸ்வரி, காலையிலிருந்தே தலை வலிக்கிறது என்றாள். மதியம், "காயெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுடி, இன்னைக்கு எடை கூடத்தான் வரும்" என்று சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து, கைகால் வெட்டி இழுக்க ஜன்னி கண்டாள்.

கர்ணன்தான் தூக்கி ஜீப்பில் போட்டான். மலைக்கு அந்தப் பக்கமே இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்கு, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினான். அங்கே ஒரு மலையாள நர்ஸ், ஹை ரிஸ்க் கேஸா என்று ஓடிக்கொண்டே கேட்டாள்:

"ஹை ரிஸ்க் ஆணோ?"

"இல்ல சேச்சி. இருந்துச்சு, எடுத்துட்டாக" என்றான் கர்ணன்.

அவளுடைய பரிசோதனை அட்டை வீட்டில் இருந்தது. ஆனால் அதனால் எதுவும் தாமதமாகவில்லை; பிரஷரை அவர்களே பார்த்துக்கொண்டார்கள், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். மாரீஸ்வரி பிழைத்தாள். பெண் குழந்தை, அதற்கு மூச்சில்லை.

சகாயராணிக்குச் செய்தி பயிற்சி வகுப்பில் வந்தது. எந்த வகுப்பு என்று சொன்னால் நான் இட்டுக்கட்டுகிறேன் என்பீர்கள். சொல்லவில்லை. திரும்பி வந்தவள் நேரே நிலையத்துக்குப் போய், சார்ட்டைக் கிழித்துப் போட்டாள். அன்றே மேலதிகாரிக்கு நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்தாள், பஸ் படியில் நின்று சொன்னது உட்பட. விசாரித்தார்கள். ரிஜிஸ்டர் சரியாக இருந்தது. பயிற்சிக்குப் போன ஆணை இருந்தது. அவள்மேல் தவறில்லை என்று எழுதினார்கள். அந்தத் தாள் வந்த அன்று அக்கா சாப்பிடவில்லை.

கர்ணன் பத்து நாள் ஜீப் எடுக்கவில்லை. மாரீஸ்வரி வீட்டுக்கு சகாயராணி இரண்டு முறை போனாள். முதல் முறை இருளம்மாள் கதவைத் திறந்து, ஒரு வார்த்தை பேசாமல் மூடினாள். அந்தக் குரல் இல்லாததுதான் தாங்க முடியவில்லை என்றாள் அக்கா. இரண்டாம் முறை கதவே திறக்கவில்லை. அதன் பிறகு அவள் போகவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல்.

7

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருந்தேன்.

ஒன்றில், பஸ் சின்னமனூரைத் தாண்டும்போது சகாயராணி இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்துத் திரும்புகிறாள். இன்னொன்றில், அட்டையின் பின்பக்கத்திலும் எனக்கு இடம் போதவில்லை. கடைக்குப் போய்ப் பெரிய சார்ட் வாங்கி வருகிறேன். மூன்றாவதில் மாரீஸ்வரி ஒருநாள் தானே நிலையத்துக்கு வந்து, "நீங்க என்னக்கா செய்வீக, எனக்காகத்தான செஞ்சீக" என்று சொல்கிறாள்.

அக்கா மூன்றையும் கேட்டாள். "ஒன்னோட முடிவுலயெல்லாம் நீயோ நானோ நல்லவகளா ஆயிர்றோம்" என்றாள். "மூணாவதுதான் ரொம்ப மோசம். பிள்ளையப் பறிகுடுத்தவ வந்து நமக்கு ஆறுதல் சொல்லணுமாக்கும்."

மூன்றையும் எடுத்துவிட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

போன வாரம் ஊருக்குள் பேச்சு வந்தது: மாரீஸ்வரி மறுபடி முழுகாமல் இருக்கிறாள். மூன்று மாதம். எங்கும் பதியவில்லை. போன தடவை ஜன்னி கண்டவள். அது திரும்பி வரக்கூடும் என்பது அக்காவுக்குத் தெரியும். அவளுக்குத்தான் தெரியும்.

இன்று மதியம் என்னைக் கூப்பிட்டாள். "வண்டிய எடு தம்பி. நானா ஓட்டுனா பாதியில திருப்பிருவேன்."

தெருமுனையில் என்னை நிறுத்திவிட்டு நடந்து போனாள். நான் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தேன். கதவைத் தட்டினாள். வெகு நேரம். பிறகு கதவு பாதி திறந்தது. திறந்தது மாரீஸ்வரியேதான், வீங்கியோ மெலிந்தோ எனக்குத் தெரியவில்லை, தூரம். இருவரும் நின்றார்கள். அக்கா ஏதோ சொன்னாள், சின்னதாக, இரண்டு சொல்லோ மூன்று சொல்லோ. மாரீஸ்வரி கதவை விட்டு ஒதுங்கி நின்றாள். அக்கா உள்ளே போனாள்.

முக்கால் மணி நேரம். நடுவில் ஒருமுறை இருளம்மாளின் சத்தம் தெருவரைக்கும் வந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

அக்கா வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. வண்டியில் ஏறினாள். மெயின் ரோடு வரும்வரை பொறுத்துவிட்டுக் கேட்டேன்:

"வாசல்ல நின்னு என்னக்கா சொன்ன?"

"அத எழுதாத."

"எழுதல. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"தெரிஞ்சா எழுதிருவ. நீ எழுதுனது போதும்டா தம்பி."

அதனால் அந்த இரண்டு மூன்று சொற்களின் இடம் இந்தக் கதையில் காலியாகவே இருக்கிறது. அங்கே என்ன வர வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால், மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எழுதிப் பார்க்க வேண்டாம்.

வீட்டு வாசலில் இறங்கும்போது, நான் கேட்காமலேயே அக்கா ஒன்று சொன்னாள்: "நாளைக்கு வாரேன்னு சொல்லிருக்கா."

இதை எழுதி முடிக்கும்போது மணி மாலை ஆறு. நாளை இன்னும் வரவில்லை. நீங்கள் படிக்கும் நேரத்தில் அது எப்போதோ கடந்துபோயிருக்கும். அவள் வந்தாளா என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு இப்போது தெரிந்ததெல்லாம், பக்கத்து அறையில் அக்கா பிரஷர் கருவியைத் தன் கையிலேயே கட்டி, காற்றடித்து, சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும்தான்.